சைட் ஆபீஸிலிருந்து சட்ட ஆபீஸுக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் சிவில் பிரிவு மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை. பேசியபடியே, சில இடங்களை மட்டும் சுருக்கி வெளியிடுகிறோம். – மலர்க் குழு)



அழைப்பிதழ் அச்சாகும் முன்னால் சங்கச் செயலாளர் போன் செய்தார். "தம்பி, உங்களை இன்ஜினீயர்னு போடறதா, வக்கீல்னு போடறதா?" என்றார். "பி.இ.யை முதல்ல போடுங்க சார், இடம் இருந்தா எல்.எல்.பி.யும் போடுங்க" என்றேன். இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. என்னை ஒரு சட்ட நிறுவனம் வேலைக்கு எடுத்ததே அந்த பி.இ.க்காகத்தான்.

2010-ல் இங்கிருந்து வெளியே போனேன். ஐந்து வருஷம் பாலம், சாலை என்று சைட்டில் இருந்தேன். 2015-ல் சென்னை சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தேன். 1891-ல் தொடங்கிய கல்லூரி அது. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்தில் படித்து முடித்த கடைசி செட்டுகளில் எங்களுடையதும் ஒன்று. 2018-ல் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாற்றிவிட்டார்கள். மேலே எங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் நடக்கும். பக்கத்தில் மெட்ரோ ரயில் வேலை நடக்கும். எனக்குப் பாதி மனசு ஜன்னலில்தான் இருக்கும். படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, வணிக ஒப்பந்தங்களையும் அவற்றால் வரும் வழக்குகளையும் மட்டுமே பார்க்கிற ஒரு நிறுவனத்தில் புதுமுக வக்கீலாகச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இனி நான் சொல்லும் கதைகளிலும் ஊர், பேர் எதுவும் வராது. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் மரியாதைக்காக மட்டும் அல்ல, சட்டமே அப்படித்தான்.

வக்கீல் என்றதும் தம்பிகளுக்கு ஞாபகம் வருவது சினிமாதான். கவுனை உதறிக்கொண்டு எழுந்து, மேஜையைத் தட்டி, சாட்சிக் கூண்டில் இருப்பவரை அழவைப்பது. வணிகச் சட்ட நிறுவனத்தில் முதல் இரண்டு வருஷம் நான் வாய் திறந்ததெல்லாம் பெரும்பாலும் வாய்தா கேட்கத்தான். மீதி நேரம் என்ன செய்தேன் என்றால், பக்க எண் போட்டேன்.

சிரிக்காதீர்கள், உண்மை. ஒரு கட்டுமான வழக்கு என்று வந்தால் கட்சிக்காரர் கூடவே ஒரு டெம்போ வரும். அதில் கடிதங்கள், டிராயிங்குகள், ஆர்.ஏ. பில்கள், எம்-புக் நகல்கள், கான்கிரீட் போரிங் கார்டுகள், க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், எலி கடித்த டீசல் பில் புத்தகம் எல்லாம் இருக்கும். இதைத் தேதிவாரியாக அடுக்கி, எண் போட்டு, அட்டவணை எழுதி, கட்டுக் கட்டாகத் தைத்து, நடுவர்கள் மூன்று பேருக்கும் எதிர்த்தரப்புக்கும் நமக்கும் ஆளுக்கொரு செட் தயார் செய்யவேண்டும். எல்லா செட்டிலும் 1,846-ஆம் பக்கம் ஒரே பக்கமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விசாரணை நடுவில் சீனியர் ஒரு பக்கம் படிக்க, நடுவர் வேறொரு பக்கம் பார்க்க, அரைமணி நேரம் போய்விடும். தம்புச் செட்டித் தெருவில் இரவு பதினோரு மணிக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிற வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தீர்கள் என்றால், அவர்களெல்லாம் எங்கள் ஜாதிதான்.

அந்தக் கட்டோடு சேர்ந்து போகிற இன்னொரு காகிதம், தேதிப் பட்டியல். டெண்டர் எப்போது, ஒர்க் ஆர்டர் எப்போது, இடம் ஒப்படைத்தது எப்போது, முதல் டிராயிங் வந்தது எப்போது என்று வரிசையாக எழுதுவது. வாதத்தை சீனியர்தான் பேசுவார். ஆனால் அவர் எதைப் பேசலாம் என்பதை அநேகமாக இந்தப் பட்டியல் தீர்மானித்துவிடும். ஆகவே அதை எழுதுகிற ஜூனியருக்கு யாரும் தராத ஒரு அதிகாரம் இருக்கிறது. இதை நான் புரிந்துகொண்டது ஒரு மேம்பாலக் கேஸில். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் சைட் ஆட்கள்.

கட்சிக்காரர் ஒரு சின்ன கான்ட்ராக்டர். பெரிய நிறுவனத்திடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்து பைல் கேப், பியர் வேலை செய்தவர். பதினெட்டு மாதத்தில் முடிக்கவேண்டிய வேலை முப்பத்தொரு மாதம் ஆயிற்று. தாமதம் உன்னால்தான் என்று சொல்லி எல்.டி. பிடித்துவிட்டார்கள், கடைசி பில்லையும் நிறுத்திவிட்டார்கள். மனுஷர் வீட்டை அடமானம் வைத்து லேபர் கூலி கொடுத்திருந்தார். எங்கள் ஆபீஸுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். ஏ.சி. அறையில் கால் சில்லிடும் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார்.

எதிர்த்தரப்பின் வாதம் சுலபமானது. டிராயிங் எல்லாம் முதல் மாதத்திலேயே கொடுத்துவிட்டோம், இதோ கையெழுத்துப் போட்டு வாங்கிய டிரான்ஸ்மிட்டல் என்று காட்டினார்கள். கையெழுத்து எங்கள் ஆளுடையதுதான். எங்கள் டீமில் இருந்த மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சரி, இந்தப் பாயின்ட் போய்விட்டது என்று அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எல்லாரும் ஐந்தாண்டு சட்டப் படிப்பு படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் டிராயிங்கின் வலது கீழ் மூலையைப் பார்க்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நமக்கு இரண்டாம் வருஷம் டிராயிங் ஹாலில் சொல்லிக்கொடுத்தார்கள். டைட்டில் பிளாக் போடாமல் ஷீட் கொடுத்தால் கிழித்தே போட்டுவிடுவார், அந்த சார் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்.

மூலையில் இருந்த முத்திரை, 'தகவலுக்கு மட்டும்'. ரிவிஷன் ஆர்-0. 'கட்டுமானத்துக்கு உகந்தது' என்ற முத்திரை, நாம் ஜி.எஃப்.சி. என்கிறோமே அது, ஆர்-3-ல்தான் வருகிறது. தேதி பார்த்தால் ஏழு மாதம் கழித்து. அதிலும் பைல் கேப் ஆழத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளையம் போட்டிருக்கிறது. அதாவது அளவு மாறியிருக்கிறது. தகவலுக்கு மட்டும் என்று வந்த டிராயிங்கை வைத்துக் கம்பி கட்டினால் முதலில் சஸ்பெண்ட் ஆவது சைட் இன்ஜினீயர்தான் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு ஓய்வுபெற்ற நீதிபதிக்குப் புரியவைக்கவேண்டும். நல்லவேளையாக மூன்று நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினீயர். நாங்கள் இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுமே அவர் தலையை ஆட்டிவிட்டார்.

டிராயிங் லேட் என்று ஆயிற்று, சரி. ஆனால் அந்த ஏழு மாதமும் உன் மெஷினும் ஆளும் சும்மா நின்றதற்கு என்ன அத்தாட்சி? இதுதான் அடுத்த கேள்வி. கான்ட்ராக்டரிடம் கடிதம் ஏதும் இல்லை. "பெரிய கம்பெனிக்காரங்க, லெட்டர் போட்டா கோவிச்சுக்குவாங்கன்னு விட்டுட்டேன் சார்" என்றார். ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் எதிர்த்தரப்பு வசம். கேட்டால் காணவில்லை என்றார்கள். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஒரு சூப்பர்வைசரின் நோட்டு. டிப்ளமா படித்தவர், ஐம்பது வயசு இருக்கும். தினமும் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இன்று மேஸ்திரி 2, கம்பி ஆள் 9, ரிக் நிற்கிறது, டிராயிங் வரவில்லை. மழை. ரிக் நிற்கிறது. இப்படி முந்நூறு பக்கத்துக்கு மேல்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், நல்ல அனுபவசாலி, அந்த நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். வழக்குக்காகப் பிற்பாடு உட்கார்ந்து எழுதியதுதானே இது என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்; கை நடுங்கியது. அந்தப் பெரியவர் பதறவே இல்லை. "ஐயா, அதே பக்கத்துல மார்ஜின்ல பாருங்க, டீக்கடைப் பாக்கி எழுதியிருக்கேன். அடுத்த பக்கத்துல என் பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் கடைசித் தேதி இருக்கு. கேஸுக்கு எழுதுறவன் இதையெல்லாமா எழுதுவான்?" என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மழை என்று எழுதியிருந்த நாட்களை, பக்கத்து மழைமானி நிலையத்தின் கணக்கோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டோம். ஒத்துப்போயிற்று.

முடிவில் எல்.டி.யைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எல்.டி. என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருப்பதாலேயே அதை முழுசாகப் பிடித்துக்கொள்ள முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தரச் சொல்வது நியாயமான இழப்பீடு. எழுதியிருக்கிற தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. தாமதமே உன்னால்தான் என்று ஆகிவிட்டால் அதற்கும் இடமில்லை. மெஷின் சும்மா நின்ற கணக்கில் ஒரு பகுதி கிடைத்தது. தலைமை அலுவலகச் செலவு என்று ஹட்சன் ஃபார்முலா போட்டுக் கேட்டதைத் தள்ளிவிட்டார்கள். அதைத் தள்ளியது சரிதான் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஃபார்முலா மட்டும் போதாது. அந்த நாட்களில் வேறு வேலை கிடைத்தும் எடுக்க முடியாமல் போனதைக் காட்டவேண்டும், எங்களிடம் அதற்குக் காகிதம் இல்லை. மொத்தத்தில் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. எதிர்த்தரப்பு அதையும் எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. முன்பெல்லாம் மனுப் போட்டாலே தீர்ப்பு தானாக நின்றுவிடும். 2015-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அப்படி இல்லை. பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொன்னார்கள். கான்ட்ராக்டர் அதில் ஒரு பகுதியை எடுத்து வீட்டை மீட்டார். அன்றைக்கும் செருப்பை வெளியேதான் விட்டார்.

இந்த இடத்தில் சைட்டில் இருக்கிற நண்பர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். இலவச ஆலோசனை, கன்சல்டேஷன் ஃபீஸ் கிடையாது.

லெட்டர் போட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டு நிதியில் நடக்கிற பெரிய வேலைகளில் அநேகமாக ஃபிடிக் ஒப்பந்தம் இருக்கும். அதன் 1999-ஆம் ஆண்டு சிவப்புப் புத்தகத்தில் 20.1 என்று ஒரு ஷரத்து. கூடுதல் நாளோ பணமோ கேட்கவேண்டுமானால், காரணம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் உரிமை போயிற்று. 2017 பதிப்பிலும் எண் மாறியதே தவிர 28 நாள் மாறவில்லை. இந்தியாவில் இப்படிப்பட்ட கெடு செல்லுமா என்று 28-ஆவது பிரிவை வைத்து வாதம் பண்ணலாம், பண்ணுகிறோம். ஆனால் மூணு வருஷம் வாதம் பண்ணுவதைவிட மூணு வரி கடிதம் போடுவது மலிவு. ஃபிடிக் இல்லாத சாதாரண ஒப்பந்தத்திலும் 55-ஆவது பிரிவு இருக்கிறது. சைட்டை லேட்டாக ஒப்படைக்கிறார்கள், நீங்கள் சும்மா வாங்கிக்கொள்கிறீர்கள். வாங்கிக்கொள்ளும்போதே நஷ்ட ஈடு கேட்பேன் என்று தெரிவிக்காவிட்டால் பின்னால் கேட்கமுடியாது என்று எதிராளி வாதம் பண்ணுவார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய சட்டமே லெட்டர் போடு என்றுதான் சொல்கிறது. அந்த லெட்டரில் திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை ஆள் நிற்கிறார்கள், எந்த ஷரத்து. அவ்வளவு போதும்.

அடுத்தது ஃபைனல் பில். இனி எந்தப் பாக்கியும் இல்லை, எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒரு சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் செக் என்பார்கள். போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி முழுக்க இல்லை. போகரா பாலிஃபேப் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை விவரமாகப் பார்த்தது. பணத்தைக் காட்டி மிரட்டி வாங்கிய கையெழுத்து ஆளைக் கட்டாது. ஆனால் மிரட்டியதற்கு அத்தாட்சி வேண்டும். கையெழுத்துப் போட்ட உடனே, மறுநாளே, 'இன்ன நெருக்கடியில் போட்டேன்' என்று கடிதம் போனவர் நிலைமை வேறு. இரண்டு வருஷம் கழித்து ஞாபகம் வந்தவர் நிலைமை வேறு. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தப் பக்கம் கையெழுத்துப் போடுகிறவரும் நம் காலேஜ், அந்தப் பக்கம் உட்கார்ந்து போடச் சொல்கிறவரும் நம் காலேஜாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அரசு வேலை எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2024 ஜூன் மாதம் மத்திய நிதி அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. அரசு கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் மன்ற ஷரத்தை வழக்கம்போல எல்லாவற்றிலும் சேர்க்க வேண்டாம், பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று. ஆகவே டெண்டர் போடுகிறபோதே தகராறு வந்தால் எங்கே போகவேண்டும் என்று படித்துப் பாருங்கள். நாம் பி.ஓ.க்யூ.வைப் பத்து தடவை படிப்போம், அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

சரி, தம்பிகள் கொட்டாவி விடுகிறார்கள். ஆபீஸ் வாழ்க்கைக்கு வருகிறேன்.

சைட்டில் நாம் லேபருக்கு மஸ்டர் ரோல் போடுவோம். சட்ட நிறுவனத்தில் நமக்கு நாமே போட்டுக்கொள்ளவேண்டும். அதன் பெயர் டைம் ஷீட். ஆறு நிமிஷம் ஒரு யூனிட், மணிக்குப் பத்து யூனிட். எந்தக் கட்சிக்காரருக்காக, எந்த விஷயத்துக்காக எத்தனை யூனிட் என்று தினமும் எழுதவேண்டும். கட்சிக்காரருக்குப் போகிற பில் அதிலிருந்துதான். முதல் மாதம் எனக்கு இது அவமானமாகப் பட்டது. பிறகு பழகிவிட்டது, அதைவிட, பிடித்தும் விட்டது. ஒரு கடிதத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

நாள் எண்ணுவதில் இன்ஜினீயர்கள் நாம் கெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் வேறு மாதிரி எண்ணுகிறது. நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட 34-ஆவது பிரிவில் கொடுத்திருக்கிற காலம் மூன்று மாதம். நாம் உடனே 90 நாள் என்போம். 2010-ல் ஹிமாசலப் பிரதேச அரசு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மாதம் என்றால் காலண்டர் மாதம். நவம்பர் 12-ல் தீர்ப்பு கைக்கு வந்தால் பிப்ரவரி 12. எண்ணிப் பாருங்கள், 92 நாள். அதற்கு மேல் தகுந்த காரணம் காட்டினால் 30 நாள், இது மட்டும் நாள் கணக்கு. அதற்கும் மேலே ஒரு நாள்கூடக் கோர்ட்டால் கொடுக்கமுடியாது; பாப்புலர் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் 2001-லேயே இதை முடிவுகட்டிவிட்டார்கள். கோடிக்கணக்கான ரூபாய் இந்த ஒரு நாளில் தொங்கும். அந்தத் தேதியைக் கணக்குப் போட்டு, ஒரு அட்டையில் எழுதி, சீனியரின் மேஜை மேல் வைப்பவர் அந்த ஆபீஸிலேயே சின்னப் பையன். எங்கள் ஆபீஸில் இரண்டு ஜூனியர்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பிறகுதான் ஒப்பிடுவோம். லெவல் புக்கில் பேக் சைட் கூட்டலையும் ஃபோர் சைட் கூட்டலையும் சரிபார்ப்பது மாதிரிதான்.

இங்கிலீஷ் பற்றி ஒரு வார்த்தை. நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். நம் காலேஜில் அப்படி எத்தனையோ பேர். முதல் ஆறு மாதம் என் டிராஃப்ட் திரும்பி வரும்போது சிவப்பு மை தவிர வேறு எதுவும் தெரியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். கான்வென்ட் பிள்ளைகளின் டிராஃப்ட்டும் அதே அளவு சிவப்பாகத்தான் வந்தது. அவர்களுக்கு வார்த்தையைக் குறைக்கச் சொன்னார்கள், எனக்கு இலக்கணத்தைத் திருத்தச் சொன்னார்கள். இலக்கணம் ஒரு வருஷத்தில் வந்துவிட்டது. ஸ்பெசிஃபிகேஷன் எழுதத் தெரிந்தவனுக்கு ஒப்பந்தம் எழுத வரும். யார், என்ன, எப்போது, எந்த அளவுக்குள், தவறினால் என்ன. இரண்டுக்கும் இதேதான்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. புதுசாகக் கட்சிக்காரர் யாராவது வந்தால் முதலில் ஆபீஸ் முழுக்க ஒரு சுற்றறிக்கை போகும். எதிர்த்தரப்பு நமக்கு ஏற்கெனவே கட்சிக்காரரா, யாருக்காவது சம்பந்தம் உண்டா என்று. இருந்தால் வழக்கை எடுக்கக்கூடாது. சில வருஷத்துக்கு முன் நம் கல்லூரி நண்பர் ஒருவர், ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள், ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "மச்சான், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லுடா" என்றார். முதல் பக்கத்தில் இருந்த எதிர்த்தரப்பின் பெயரைப் பார்த்தேன். மூடிவிட்டேன். "என்னால பார்க்க முடியாதுடா, வேற நல்ல வக்கீல்கிட்ட உடனே காட்டு" என்றேன். ஏன் என்று கேட்டார். அந்த ஏனுக்கும் பதில் சொல்லக்கூடாது. இன்னார் எங்கள் கட்சிக்காரர் என்பதே வெளியே சொல்லக்கூடாத விஷயம். பெரிய வக்கீலாகிவிட்டான், நண்பனுக்கு ஒரு பேப்பர் படிக்க நேரமில்லை என்று நினைத்திருப்பார். அவர் இன்றைக்கு இந்த அரங்கில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், இப்போதும் காரணம் சொல்லமுடியாதுடா.

இனி, இந்தப் பக்கம் வரலாமா என்று யோசிக்கிற தம்பி தங்கைகளுக்குக் கணக்கு வழக்கு. மூன்று வருஷம் சம்பளம் இல்லாமல் படிக்கவேண்டும். ரெகுலர் காலேஜ்தான், தபாலில் படித்தால் வக்கீலாகப் பதிவு செய்யமுடியாது. பதிவுக் கட்டணத்துக்கு முன்பெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தில் இருக்கிற 750 ரூபாய்க்கு மேல் பொதுப் பிரிவினரிடம் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வு ஒன்றும் எழுதவேண்டும். அது 2011-ல் வந்தது. புத்தகத்தைப் புரட்டத் தெரிந்தவர்களுக்குப் பயமில்லை.

சம்பளம் என்று நான் சொல்லமாட்டேன், காரணம் இருக்கிறது. வக்கீலாகப் பதிவு செய்தவர் எங்கேயும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக்கூடாது என்று பார் கவுன்சில் விதி. ஆகவே நிறுவனம் மாதாமாதம் கொடுப்பது தொழில் கட்டணம். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. வீட்டுக்கடன் கேட்டுப் போனால் பேங்க் மேனேஜர் சாலரி ஸ்லிப் கேட்பார், விளக்கவேண்டும். ஆனால் தனி சீனியரிடம் ஜூனியராகச் சேருகிறவர்களோடு ஒப்பிட்டால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். பஸ் காசுக்குத் திண்டாடுகிற ஜூனியர்களை உயர் நீதிமன்றத்தில் இன்றும் பார்க்கலாம். 2024 அக்டோபரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், கிராமப் பகுதிகளில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குக் கொடுக்கும்படி ஒரு பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. எத்தனை சீனியர்கள் கொடுக்கிறார்கள் என்று இங்கே இருக்கிற வக்கீல்களைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டிகிரி முடித்த பிள்ளையின் உழைப்பைக் கற்றுக்கொள்கிறான் என்ற பெயரில் சும்மா வாங்கிக்கொள்வது எந்தத் தொழிலில் நடந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. சைட்டில் சித்தாளுக்குக்கூட சனிக்கிழமை கூலி உண்டு.

சட்டம் படிக்காமலே சட்டத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யவும் வழி இருக்கிறது. காப்புரிமை முகவர் தேர்வை இன்ஜினீயரிங் டிகிரி இருந்தாலே எழுதலாம். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு. சிவில் பிள்ளைகளுக்கு, தாமதக் கணக்குப் போடுகிற நிபுணர் வேலை. பிரிமவெரா தெரிந்து, கிரிட்டிக்கல் பாத் புரிந்து, நடுவர் முன்னால் நிதானமாகப் பேசத் தெரிந்த ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் தேடும்போது கிடைப்பதில்லை.

சட்டப் படிப்பில் சேருவதற்கு முன் இரண்டு வருஷமாவது சைட்டில் வேலை பாருங்கள் என்பேன். வெயிலில் நிற்காமல் வந்தால் அந்த 'தகவலுக்கு மட்டும்' முத்திரை உங்கள் கண்ணிலும் படாது. வீட்டில் அப்பா அம்மா கேட்பார்கள், இன்னும் மூணு வருஷம் படிப்பா என்று. எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அம்மா மட்டும் கடைசி வரை சொந்தக்காரர்களிடம் "பாலம் கட்டுற இன்ஜினீயர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் திருத்தவில்லை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஒப்பந்த நகலைப் பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடுகிற அண்ணன்கள் இரண்டு பேரை மேடையிலிருந்தே பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டு சர்வே லேப் திண்ணையில் இருப்பேன், வாருங்கள். முதலில் எதிர்த்தரப்பு யார் என்று மட்டும் சொல்லுங்கள், பிறகு பையைத் திறக்கலாம்.